பாலத்தைத் திற என்று யாரிடம் சொல்வது? ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், பாம்பன் வழியாக

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பொருள்நோக்கு நிரலாக்கம் வருகிறது. இனக்குழு (கிளாஸ்), பொருள் (ஆப்ஜெக்ட்), உறைபொதியாக்கம், மரபுரிமம் (இன்ஹெரிடன்ஸ்), பல்லுருவாக்கம், அருவமாக்கம் என்று ஆறு சொற்கள். கல்லூரிக்குப் போனால் அதே ஆறும் ஆங்கிலப் பெயரில் திரும்ப வரும். எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை இரண்டு முறையும் படித்துவிட்டாள், இரண்டு முறையும் நல்ல மதிப்பெண். போன மீன்பிடித் தடைக்காலத்தில் கல்லூரி விடுமுறைக்கு பாம்பன் வந்திருந்தவள், ஒரு சாயங்காலம் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, கிளாஸ்னா என்ன, ஆப்ஜெக்ட்னா என்னன்னு கேட்டா கடகடன்னு சொல்லிடுவேன். ஆனா ஒரு ஃபைலைத் திறந்து வச்சு நீயே எழுதுன்னா, எதைக் கிளாஸா போடணும்னே தெரியல."

இந்த இடத்தில் நின்றுபோன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோயைச் சொல்லாமல் மருந்தை மட்டும் கொடுக்கிறோம், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாய் ஒரு விலங்கு, கார் ஒரு வாகனம் என்று உதாரணம் சொல்கிறோம். நாயையும் விலங்கையும் வைத்து அந்தப் பிள்ளைகள் எந்த புரோகிராமும் எழுதப் போவதில்லை. அதனால் எதற்காக இப்படிப் பிரிக்கிறோம் என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

சரி, நோயிலிருந்தே தொடங்குவோம் என்று அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பாம்பன் கால்வாயில் நடப்பதைக் கணினியில் நடத்திக் காட்ட வேண்டும். வடகடலிலிருந்து தென்கடலுக்குப் போகிற உயரமான கப்பல், ரயில் பாலத்தின் நடுப்பகுதி திறக்கும்வரை காத்திருக்கும். பெரிய விசைப்படகுகளும் அதற்காக நிற்கும். சின்ன நாட்டுப்படகுகள் திறக்காத பாலத்துக்கு அடியிலேயே புகுந்து போய்விடும். யார் யார் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டும். கிளாஸ் என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

அவள் நான்கு பட்டியல் போட்டாள். ஒன்றில் பெயர்கள், ஒன்றில் உயரங்கள், ஒன்றில் வந்து சேர்ந்த நேரங்கள், ஒன்றில் தொட்டியில் இருக்கும் டீசல். மூன்றாவது படகைப் பற்றித் தெரிய வேண்டுமானால் நான்கு பட்டியலிலும் மூன்றாவது இடத்தைப் பார்க்க வேண்டும். ஓடியது, விடையும் சரியாக வந்தது. அப்புறம் நான் ஒன்று சேர்க்கச் சொன்னேன்: வரிசையில் நின்ற ஒரு படகு என்ஜின் பழுதாகி ஊருக்கே திரும்பிவிடுகிறது. அவள் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுத்தாள், உயரம் எடுத்தாள், டீசலையும் எடுத்தாள். நேரத்தை எடுக்க மறந்துவிட்டாள். அதிலிருந்து நான்காவது படகுக்கு மூன்றாவது படகின் நேரம், ஐந்தாவதற்கு நான்காவதன் நேரம். புரோகிராம் நிற்கவும் இல்லை, பிழை காட்டவும் இல்லை. தவறான விடையை நிதானமாகத் தந்துகொண்டிருந்தது. எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் வேண்டுமென்றேதான் விட்டுக்கொடுத்தேன். அதன் பிறகு அவளிடம் கேட்டேன்: "உங்க அப்பா படகோட டீசல் எங்க இருக்கு?"

"படகுலதான்."

படகுத் துறையில் டீசலையெல்லாம் ஒரு பக்கமும் படகுகளை இன்னொரு பக்கமும் வைத்து, மூன்றாவது டீசல் மூன்றாவது படகுக்கு என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒரு படகின் டீசல் அதன் தொட்டியில் இருக்கிறது. படகு வரிசையை விட்டுப் போனால் டீசலும் கூடவே போகும், வந்த நேரமும் கூடவே போகும். ஒன்றோடொன்று சேர்ந்தே போக வேண்டிய தகவல்களையும், அவற்றை மாற்றுகிற வேலைகளையும் ஒரே இடத்தில் கட்டி வைத்தால் கிடைப்பதுதான் ஆப்ஜெக்ட். டீசல் எவ்வளவு என்பது தகவல். நிரப்புவதும் எரிப்பதும் வேலை, இதை மெத்தட் என்பார்கள். இரண்டும் படகிடமே இருக்கும். பைதான் 3 மொழி தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் இப்படியே எழுதினோம்:

படகு1.டீசல்_நிரப்பு(200)

கிளாஸ் என்பது படகு கட்டும் ஓடாவியின் கையில் இருக்கும் அளவு. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தொட்டி இந்த இடத்தில், என்ஜின் இந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியும். அந்த அளவில் ஏறி யாரும் கடலுக்குப் போக முடியாது. அதை வைத்துக் கட்டிய படகில்தான் போக முடியும். ஒரே அளவில் ஒரே வாரத்தில் இரண்டு படகு இறக்கினாலும், ஒன்றில் டீசல் தீர்ந்தால் இன்னொன்றில் தீராது. இவ்வளவுதான் கிளாஸுக்கும் ஆப்ஜெக்டுக்கும் உள்ள வேறுபாடு. இதில் பெரும்பாலும் யாரும் குழம்புவதில்லை. குழப்பம் இதற்கு அடுத்த மூன்று இடங்களில் வருகிறது, பாடநூல்கள் அவற்றை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

முதலாவது, பைதானில் "செல்ஃப்" என்றும் ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் "திஸ்" என்றும் வருகிற அந்தச் சொல். ஏன் ஒவ்வொரு மெத்தடிலும் முதலில் அதை எழுத வேண்டும் என்று பைதான் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கிறார்கள். தமிழில் இதற்குச் சரியான சொல் நம் வாயிலேயே இருக்கிறது: தன். "ஒவ்வொரு படகும் தன் தொட்டியில் டீசல் நிரப்பிக்கொள்ள வேண்டும்" என்று மீனவர் சங்கத்தில் அறிவித்தால், அந்த வாக்கியத்தில் இருக்கும் "தன்" எந்தப் படகு? அறிவிக்கும்போது எந்தப் படகும் இல்லை. படகு1 அதைச் செய்யும்போது படகு1, படகு2 செய்யும்போது படகு2. கிளாஸை எழுதும் நேரத்தில் இன்னும் ஒரு படகும் கட்டப்படவில்லை, அதனால் பெயர் சொல்லி எழுத முடியாது. "தன்" என்றுதான் எழுத முடியும். இதைச் சொன்னதும் அவள் தன் ஃபைலில் எல்லா இடத்திலும் செல்ஃபை எடுத்துவிட்டு "தன்" என்றே போட்டுக்கொண்டாள். பைதானில் அந்தச் சொல் ஒரு வழக்கம்தான், வேறு பெயர் வைத்தாலும் ஓடும். பலர் சேர்ந்து எழுதும் இடத்தில் வழக்கத்தை மாற்றக் கூடாது என்பதால், பழகியதும் திருப்பி எழுதச் சொன்னேன்.

இரண்டாவது, ஒரு படகுக்கு இரண்டு பெயர். என்_படகு = படகு1 என்று எழுதினால் புதிதாக ஒரு படகு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வரவில்லை. படகின் பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்கும், வீட்டில் அதற்கு வேறொரு பெயர் இருக்கும். பதிவு எண்ணைச் சொல்லி அதற்குப் பச்சை அடித்தாலும், வீட்டுப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறவருக்கும் அது பச்சையாகத்தான் தெரியும். என்_படகில் டீசல் எரித்தால் படகு1-இன் தொட்டி குறையும். பைதானிலும் ஜாவாவிலும் இப்படித்தான். சி பிளஸ் பிளஸ்ஸில் அப்படியே எழுதினால் நகல் எடுத்துவிடும், அதாவது உண்மையாகவே இன்னொரு படகு. பள்ளியில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு பைதானுக்கு வருகிற பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவது அவர்கள் தவறே இல்லை. இரண்டு மொழிக்கும் பழக்கம் வேறு என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் ஒரு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். மீன்பாடு என்ற பட்டியலை, படகு கட்டும்போது உருவாக்காமல் கிளாஸின் தலைப்பிலேயே எழுதிவிட்டால், எல்லாப் படகுக்கும் ஒரே பட்டியல் ஆகிவிடும். ஒரு படகு பிடித்த நண்டு எல்லாப் படகின் கணக்கிலும் ஏறும். எல்லாருக்கும் பொதுவானது எது, ஒவ்வொருவருக்கும் தனியானது எது என்று எழுதும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலமும் வரிசையும் நானாகத் தேடிப் பிடித்த உதாரணம் இல்லை. இந்த முறை பிறந்ததே இப்படிப்பட்ட ஒரு கணக்கில்தான். 1960-களில் நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில், நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டரில் ஊலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் வேலை செய்தார்கள். தொழிற்சாலையிலும் சாலையிலும் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்க ஒரு மொழி வேண்டும் என்பது அவர்கள் தேவை. அந்த மொழிக்கு சிமுலா என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் யோசித்த உதாரணங்களில் ஒன்று, சுங்கச் சாவடி உள்ள ஒரு பாலமும் அதன் முன்னால் வரிசையில் நிற்கிற லாரிகளும் பஸ்களும். லாரி வேறு, பஸ் வேறு. ஆனால் வரிசையில் நிற்பது என்ற ஒரு குணம் இரண்டுக்கும் பொது. அந்தப் பொதுவான பகுதியை ஒரே ஒரு முறை எழுதி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன்னால் ஒட்டிவிட முடியுமா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் பின்னால் இன்ஹெரிடன்ஸ் ஆனது. 1967-இல் வந்த சிமுலா 67-இல் கிளாஸ், ஆப்ஜெக்ட், ஒரு கிளாஸிலிருந்து கிளைக்கும் சப்கிளாஸ் எல்லாம் இருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது சிமுலாவைப் பயன்படுத்தியவர். பிறகு பெல் ஆய்வகத்தில் 1979-இல் சி மொழிக்குள் கிளாஸைக் கொண்டுவரத் தொடங்கினார், அதுதான் சி பிளஸ் பிளஸ். 1995-இல் ஜாவா வந்தது. நம் பதினோராம் வகுப்புப் பிள்ளை படிக்கிற இனக்குழு இந்த வழியாக வந்ததுதான். டாலுக்கும் நிகார்டுக்கும் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்காகக் கிடைத்தது. அடுத்த ஆண்டே இருவரும் காலமானார்கள்.

தங்கைக்கு இதைச் சொன்னபோது முகம் மாறியது. மனப்பாடம் செய்யச் சொல்லி யாரோ மேலிருந்து இறக்கிய ஆறு சொற்கள் என்று நினைத்திருந்தவள், ஒரு பாலத்தின் முன்னால் வண்டிகள் நின்றதால் வந்தது என்று இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

சரி, நம் பாலத்துக்கு வருவோம். அடுத்த நாள் அவள் பாலம் என்று ஒரு கிளாஸ் எழுதியிருந்தாள். அதில் நிலை என்று ஒரு தகவல், "மூடி" அல்லது "திறந்து". கப்பல் வந்ததும் கப்பலின் மெத்தடுக்குள்ளிருந்தே பாலம்.நிலை = "திறந்து" என்று மாற்றியிருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. ரயில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். ராமேஸ்வரம் ரயில் பாலத்தின் மேல் பாதி தூரம் வந்திருக்கும்போது ஒரு கப்பல் வந்து சேர்ந்தது, நிலையை மாற்றியது. பாலம் திறந்துகொண்டது.

உறைபொதியாக்கம் என்ற சொல்லைத் தகவலை மறைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். யாரிடமிருந்து மறைப்பது, நான் எழுதியதை நானே ஏன் மறைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மறைப்பதற்காக மறைக்கவில்லை, ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காக மறைக்கிறோம். ரயில் மேலே இருக்கும்போது பாலம் திறக்கக் கூடாது. இந்த விதியை யார் காக்க வேண்டும்? கப்பல்கள் காக்க வேண்டும் என்றால், எழுதப்போகும் ஒவ்வொரு கப்பலிலும், விசைப்படகிலும், மிதவைக் கிரேனிலும் அந்தச் சோதனையை மறக்காமல் எழுத வேண்டும். யாராவது ஒருவர் மறந்தால் போதும். பாலமே காத்துக்கொண்டால் ஒரே இடத்தில் எழுதினால் முடிந்தது. கப்பல் பாலம்.திற() என்று கேட்கலாம். மேலே ரயில் இருக்கிறதா, காற்று அடங்கியிருக்கிறதா என்று பார்த்துத் திறப்பதா மறுப்பதா என்பதைப் பாலம் முடிவு செய்யும். நிலை என்ற தகவலை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. ஜாவாவில் பிரைவேட் என்று எழுதினால் வெளியிலிருந்து தொடும் நிரலை, அதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே ஏற்காது. பைதானில் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போடுவதோடு சரி, அது தொடாதே என்கிற ஒப்பந்தம், பூட்டு அல்ல. எந்த விதியைக் காக்கிறோம் என்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் பிரைவேட் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எடுப்பதற்கு ஒரு மெத்தட், மாற்றுவதற்கு ஒரு மெத்தட் என்று எழுதுவது என்னைப் பொறுத்தவரை வீண் வேலை. நிலை_மாற்று("திறந்து") என்று ஒரு மெத்தட் இருந்தால் அந்த ரயில் கடலில்தான் விழும்.

அடுத்தது பல்லுருவாக்கம். பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். பாம்பன்காரர்களுக்கு இதைவிட எளிதானது எதுவும் இருக்க முடியாது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் ஷெர்சர் முறைத் தூக்குப் பகுதி இருந்தது. ஆட்கள் நின்று பல்சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்ற, இரண்டு பாதிகளும் இரண்டு பக்கமாக விலகி மேலே எழும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுசாக, மோட்டாரால், கிடைமட்டமாகவே 17 மீட்டர் மேலே ஏறும். வேலை ஒன்று, செய்கிற விதம் வேறு. கப்பலுக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. அது கேட்பது ஒன்றே ஒன்று, திற(). பழைய பாலத்தின் கிளாஸில் திற() என்றால் பல்சக்கரம், புதியதில் மோட்டார். கப்பலின் நிரலில் "பழைய பாலமாக இருந்தால் இப்படி, புதிய பாலமாக இருந்தால் அப்படி" என்ற வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படி ஒரு வரி இருந்தால், புதிய பாலம் வந்த அன்று இந்தக் கடலில் ஓடுகிற எல்லாக் கப்பலின் நிரலையும் திருத்த வேண்டியிருக்கும். இப்போது ஒரு கிளாஸைக் கூடுதலாக எழுதினால் போதும். பழைய நிரலைத் தொடாமல் புதியதைச் சேர்க்க முடிகிறது, பல்லுருவாக்கத்தின் பலன் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இப்போது மரபுரிமம். பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கிறது, பிரச்சினையும் இதில்தான் அதிகம். மூன்று பாலமும் இருக்கட்டுமே என்று தங்கை சாலைப் பாலத்தையும் சேர்த்துவிட்டாள். 1988-இல் திறந்த அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம். சாலைப் பாலம் ஒரு பாலம்தானே, அதனால் பாலம் என்ற கிளாஸிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதினாள். வாங்கிக்கொண்டதில் திற() என்பதும் இருந்தது. சாலைப் பாலம் திறக்காது. அது உயரமாகக் கட்டப்பட்டது, கப்பல் அடியில் போகும், நாமெல்லாம் மேலே நின்று ரயில் பாலம் திறப்பதை வேடிக்கை பார்ப்போம். அவள் திற() மெத்தடை வெறுமையாக விட்டிருந்தாள். கப்பல் திற() என்று கேட்கிறது, பதிலாக எதுவும் நடக்கவில்லை, பிழையும் வரவில்லை, பாலம் திறக்கும் என்று நம்பிக் கப்பல் காத்துக்கொண்டே இருக்கிறது.

பார்பரா லிஸ்கோவ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1987-இல் ஒரு உரையில் இதைத்தான் எடுத்துச் சொன்னார். தாய் கிளாஸின் ஆப்ஜெக்ட் இருக்கும் எந்த இடத்திலும் சேய் கிளாஸின் ஆப்ஜெக்டை வைத்தால், புரோகிராம் முன்போலவே சரியாக நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அந்த உறவே தவறு, பேச்சு வழக்கில் எவ்வளவு பொருத்தமாகக் கேட்டாலும் சரி. "சாலைப் பாலம் ஒரு பாலம்" என்ற வாக்கியம் தமிழில் சரி. ஆனால் கிளாஸ் என்பது ஒரு வாக்குறுதி. பாலம் என்ற கிளாஸ் திறப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவர் அதன் பிள்ளையாக வரக் கூடாது. திருத்தம் பெரிய வேலையில்லை. பாலம் என்பதில் நீளமும் கட்டிய ஆண்டும் மட்டும் இருக்கட்டும். அதிலிருந்து தூக்குப்_பாலம் என்று ஒன்று, அதில் திற(). பழையதும் புதியதும் தூக்குப்_பாலத்தின் பிள்ளைகள். சாலைப் பாலம் நேரடியாகப் பாலத்தின் பிள்ளை. எப்படித் திறப்பது என்று சொல்லாமல் "திறக்கும்" என்ற வாக்கை மட்டும் வைத்திருக்கிற தூக்குப்_பாலத்தைத்தான் அருவமாக்கத்துக்கு உதாரணமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படகிலும் இதே பொறி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்கு உண்டு, நாட்டுப்படகுக்கு இல்லை. ஆகவே கடலுக்குப்_போகலாமா(தேதி) என்ற கேள்விக்கு இரண்டும் வேறு பதில் சொல்லும். இரண்டு கிளாஸ், பொருத்தமான பிரிவு. இந்த ருசியில் அவள் மேலே போனாள்: ஃபைபர் நாட்டுப்படகு, மர நாட்டுப்படகு, என்ஜின் வைத்த ஃபைபர் நாட்டுப்படகு, நண்டுவலை போட்ட என்ஜின் வைத்த ஃபைபர் நாட்டுப்படகு. ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அவள் அப்பா இதையெல்லாம் தனித்தனிப் படகாக நினைக்கமாட்டார். இருப்பது ஒரே வத்தை, அதாவது ஒரே நாட்டுப்படகு; இன்றைக்கு நண்டுவலை, நாளைக்கு வேறு வலை. வலையை மாற்றுவதற்காக யாரும் புதுப் படகு கட்டுவதில்லை. வலை படகிடம் இருப்பது, என்ஜினும் படகிடம் இருப்பது. அவற்றைத் தனி ஆப்ஜெக்டாக எழுதிப் படகின் கையில் கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் மரபுரிமத்தை விட்டுவிட்டு இந்த வழியில் போங்கள் என்பதே தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது.

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்ற பெயரை வைத்தவர் ஆலன் கே. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1970-களில் உருவான ஸ்மால்டாக் மொழிக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. அவர் பிற்காலத்தில் அந்தப் பெயரை வைத்ததற்கு வருத்தப்பட்டார். ஆப்ஜெக்ட் என்று சொன்னதால் எல்லாரும் ஆப்ஜெக்டையே பார்க்கிறார்கள், ஆனால் முக்கியமானது அவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செய்தி என்றார். உடலில் உள்ள செல்கள் மாதிரி, உள்ளே நடப்பதை வெளியே காட்டாமல் செய்தி மட்டும் பரிமாறிக்கொள்ளும் சின்னச் சின்ன உயிர்கள் என்பது அவர் கற்பனை. "எதைக் கிளாஸாகப் போடுவது" என்ற கேள்விக்கு நான் கண்ட நல்ல பதில் இதிலிருந்துதான் வருகிறது. பெயர்ச்சொற்களை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். இந்த வேலையை யாரிடம் சொல்வது, இந்த விதியை யார் காப்பது என்று கேளுங்கள். பதிலாக ஒருவர் கிடைத்தால் அவர் ஒரு கிளாஸ். யாரும் கிடைக்கவில்லை என்றால், எந்தக் கிளாஸுக்கும் சொந்தமில்லாத ஒரு சாதாரண ஃபங்ஷன் போதும். ஐம்பது வரியில் மீன் விலையைக் கூட்டிச் சொல்லும் புரோகிராமுக்கு எந்தக் கிளாஸும் தேவையில்லை. ஒரே நான்கு தகவலை மூன்று ஃபங்ஷன்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கை வலிக்கும்போது, அந்த நான்கும் சேர்ந்திருக்க ஒரு வீடு கேட்கின்றன என்று அர்த்தம்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தபோது அவள் திரும்ப வந்தாள். புரோகிராம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. காத்திருக்கும் கப்பல்களின் வரிசை மட்டும் தூக்குப்_பாலம் கிளாஸுக்குள் இருந்தது. நான் அதைக் கவனித்திருந்தேன், சொல்லவில்லை.

"அக்கா, ஒண்ணு இடிக்குது. வரிசை பாலத்தோடது இல்லையே? கப்பல் வந்தா துறைமுக ஆபீஸ்லதானே சொல்றாங்க. அவங்க ரயில்வேகிட்ட கேட்டுத்தான் எப்ப திறக்கிறதுன்னு முடிவாகுது. பாலத்துக்கு யாரு நிக்கிறாங்கன்னே தெரியாதே."

துறைமுக_அலுவலகம் என்று புதிதாக ஒரு கிளாஸ் எழுதி வரிசையை அங்கே மாற்றினாள். கப்பலில் இரண்டு வரி மாறியது. பழைய பாலத்திலும் புதிய பாலத்திலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை.